கிடா சிலிர்த்தால்தான் நடை

25-1-1999, திங்கள்

இதனால் சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கோவில்பட்டி சைக்கிள் கடை முப்பிடாதி அவர்களின் ஏக புத்திரன் கார்த்திகேசன் அவர்களின் இடது கால் செருப்பு, இன்று மாலை சந்தை முக்கில் வார் அறுந்து காலமானது. வலது கால் செருப்பு துணையிழந்து வாடுகிறது. வேறு யாருக்கும் வருத்தமில்லை. ஏனென்றால் நாளை முதல் எனக்குச் செருப்பே கிடையாது.

போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை. அம்மா திருச்செந்தூர் முருகனிடம் பேரம் பேசியிருக்கிறாள்: என் பிள்ளைக்கு மஞ்சள் இறங்கினால், தைப்பூசத்துக்குப் பச்சை கட்டி உன் வாசலுக்கு நடந்தே வருவான். பேசியது அவள், நடக்கப் போவது நான். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக் கசந்தது என் வாய், பேர் வாங்கியது முருகன். கீழாநெல்லிக்கு யாராவது ஒரு தெரு நடந்ததுண்டா?

“நீதான நேர்ந்த, நீயே நட” என்றேன்.

“எம் மூட்டும் ஒன்ன மாதிரி பிளஸ் ஒன்னா படிக்கு? நேர்ந்துவிட்டது ஒன்னைய. நீதான் போணும்.”

நேர்ந்துவிட்டதாம்! நான் என்ன ஆடா?

26-1-99, செவ்வாய். எட்டயபுரம் தாண்டி ஒரு கல்யாண மண்டபம்

நாடே கொடியேற்றி மிட்டாய் தின்னும் குடியரசு நாளில் நான் நடையரசு ஆனேன். கழுத்தில் மாலை, இடுப்பில் பச்சை வேட்டி, காலில் கோவில்பட்டி முனிசிபாலிட்டியின் அத்தனை ஜல்லியும்.

கூட்டத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வயிறு வெடித்துவிடும். தலைவர் ராஜமணி அண்ணாச்சி, மளிகைக் கடை. எல்லோரும் குருசாமி என்கிறார்கள். உயரத்தைப் பார்த்தால் குறுசாமி. “பன்னெண்டு வருசமா நடக்கேன்” என்பதை மூச்சுக்கு ஒரு தரம் சொல்கிறார். பின்னால் ஒரு டிராக்டர் வருகிறது. அதில் சீரியல் பல்பு மாட்டிய முருகன் படம், புனல் ஸ்பீக்கர், அரிசி மூட்டை. வெயில் ஏறினால் “சாமான் சரியா இருக்கான்னு பாக்கேன்” என்று அண்ணாச்சி டிராக்டரில் ஏறிக்கொள்கிறார். வெயில் தாழ்ந்ததும் சாமான் சரியாகிவிடுகிறது. இதற்குப் பெயர் பாதயாத்திரையா, பாதி யாத்திரையா?

அடுத்து எங்கள் தெரு வள்ளித்தாய் அக்கா. தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்குகிற வேலை. ஆளும் குச்சி, வாயும் உரசினால் பற்றும். அவள் புருஷன் கடற்கரை லாரி டிரைவர். கயத்தாறு பக்கம் லாரி கவிழ்ந்து தொடையில் கம்பி வைத்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பாளையங்கோட்டையில் கம்பியை எடுக்கிறார்கள். எடுத்தால்தான் அவர் நடப்பாரா மாட்டாரா என்று தெரியுமாம். அவருக்காக இவள் நடக்கிறாள். கால் அவருடையது, நடை இவளுடையது. இந்தக் கணக்கு எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித் தராதது.

மூன்றாவது, இசக்கிபாண்டி மாமா. புதூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர். ஐப்பசியில் வெக்கை நோய் வந்து பட்டியில் பாதி போய்விட்டது. மீதி பிழைத்தால் ஒரு கிடாவை உயிரோடு செந்தூரில் விடுகிறேன் என்று நேர்ந்திருக்கிறார். அந்தக் கிடா எங்களோடு நடந்து வருகிறது. அதன் தாடியையும் மேலிருந்து கீழாக ஆளை அளக்கும் பார்வையையும் பார்த்து நான் வைத்த பெயர் ஹெட்மாஸ்டர்.

கூத்து இதில்தான். தினமும் காலையில் கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் முருகன் உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதற்குப் பிறகுதான் ஒரு அடி எடுத்து வைக்கலாம். எங்கள் பக்கம் கோயில் கொடைகளில் கிடா வெட்டும் முன் பார்க்கிற அதே வழக்கம். இங்கே வெட்டு கிடையாது, வெறும் நடைக்கு.

இன்று காலை ஊற்றினார்கள். ஹெட்மாஸ்டர் சொட்டச் சொட்ட நின்றது. எல்லோரும் கைகூப்பி நின்றார்கள். எனக்குப் பசி. கும்பிடுவதுபோல் குனிந்து, விளக்குமாற்று ஈர்க்குச்சியை அதன் காதுக்குள் ஒரு சுழற்று சுழற்றினேன். கொம்பிலிருந்து வால்வரை ஒரே உதறல்! “அரோகரா!” சில பேர் கண்ணில் தண்ணீர்.

ஆக, முருகன் உத்தரவு எங்கிருந்து வருகிறது? துடைப்பத்திலிருந்து.

27-1-99, புதன். எப்போதும்வென்றான்

ஊருக்குப் பெயர் வைத்தவன் நான் வருவேன் என்று தெரிந்தே வைத்திருக்கிறான்.

இன்றைக்கும் ஈர்க்குச்சி, இன்றைக்கும் அரோகரா. இத்தனை பேர் பக்தியும் என் விரல் நுனியில் இருக்கிறது. நான் சுழற்றினால் நடப்பார்கள், சுழற்றாவிட்டால் நிற்பார்கள். டிராக்டருக்கு ஒரு சாவி, இவர்களுக்கு ஒரு ஈர்க்கு.

வழியெல்லாம் கரிசல். கொத்தமல்லி பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. ரோட்டை விட்டு இறங்கினால் ஈர மண் காலில் பணியாரமாக ஒட்டுகிறது, ஏறினால் தார் பொரிக்கிறது. கூட்டம் மொத்தமும் நொண்டுகிறது. ஒருத்தர் காலைப் பார்த்தால் அரிசி வடகம் காயப்போட்ட மாதிரி கொப்புளம். எனக்கு ஒன்றுமில்லை. என் கால் இரும்பு. வள்ளித்தாய் அக்கா மட்டும் சந்தேகமாகப் பார்த்தாள்.

“ஏலே, பூனை மாதிரி நடக்க?”

“எக்கா, புலி மாதிரின்னு சொல்லு.”

“புலி இப்பிடி ஓரக்கால்ல நடந்து நான் பாத்ததில்ல.”

பொறாமை.

28-1-99, வியாழன். ரோட்டோரம் ஒரு பருத்திக் கிடங்கு

வேடிக்கைக்குத்தான் செய்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உத்தரவு வாங்கித் தரத் தெரிந்தவனுக்கு நிறுத்தி வைக்கவும் தெரிய வேண்டாமா? அண்ணாச்சி முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசை. விடியும் முன்னே பக்கத்துப் புஞ்சையில் வெடித்திருந்த பருத்தியைப் பிய்த்தேன். காலுக்குத் தடவ அம்மா கொடுத்த விளக்கெண்ணெயில் அதை முக்கி, ஹெட்மாஸ்டரின் இரண்டு காதிலும் அடைத்தேன். முதுகிலும் எண்ணெயை வழித்தேன். இரண்டு தரம் தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு அது சும்மா இருந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றினார்கள். சேம்பிலையில் ஊற்றியதுபோல் வழுக்கி ஓடியது. இரண்டாம் குடம். மூன்றாம் குடம். ஹெட்மாஸ்டர் அசைபோட்டது. வெயில் ஏறியது. நான் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, உள்ளுக்குள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தேன். சரி, இன்றைக்கு நடை இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

சொல்லவில்லை. அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்து, “கூட்டத்துல சுத்தக்குறைவு இருக்கு” என்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து வள்ளித்தாய் அக்காவிடம் நின்றார்.

“ஏட்டி, ஒங் கொழுந்தனுக்குப் பொங்கல் கழிஞ்சு பிள்ளை பொறந்துச்சுல்லா? பதினாறு கழிஞ்சுட்டா?”

“அவிய தனியாப் போயி ரெண்டு வருசமாச்சு அண்ணாச்சி. நான் தொட்டிலக்கூட எட்டிப் பாக்கல.”

“பாக்காட்டா தீட்டு இல்லன்னு ஆயிருமா? பங்காளி வீடு பங்காளி வீடுதான். மாலையக் கழத்து. பஸ்ஸப் புடிச்சு ஊருக்குப் போ.”

“மாலையில்லாம நடந்தா அது வேண்டுதலா? பாதியில திரும்புனா அவிய காலுக்கு யாரு பதில் சொல்லுவா? நீங்களா?”

இசக்கிபாண்டி மாமா கயிற்றைப் பார்த்துக்கொண்டே, “கிடா சொல்லுது தாயி. நான் என்ன செய்யட்டும்” என்றார்.

கிடா சொல்லுதாம்! கிடாவுக்குக் காதே கேட்காமல் நிற்கிறது, அது எங்கே சொல்ல! இத்தனை தலைகளில் ஒரு தலைக்காவது கிடாவின் காதைப் பார்க்கத் தோன்றவில்லை. எல்லாத் தலையும் தேங்காய். திருச்செந்தூரில் உடைக்கலாம்.

நான் என்ன செய்தேன்? புத்திசாலி அல்லவா. அவள் மாலையில் கை வைத்ததும் ஓடிப்போய், கும்பிடுவதுபோல் குனிந்து, பஞ்சை உருவி எறிந்தேன். கிடா உதறிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்.

உதறியது. காலையிலிருந்து அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்து உதறியது. எண்ணெயும் மஞ்சளும் அண்ணாச்சி நெற்றிவரை தெறித்தன.

“பாத்தியளா! அவ மாலையக் கழத்தக்கூட இல்ல, அதுக்குள்ள உத்தரவு குடுத்துட்டான் முருகன்!” என்று கத்தினார் அண்ணாச்சி.

அரோகரா, அரோகரா.

நான்தான் நிரூபித்துக் கொடுத்திருக்கிறேன். அவள் மீது தீட்டு இருக்கிறதென்று, சாட்சியோடு, கையெழுத்து முத்திரையோடு. மாலையை வாங்கி டிராக்டர் கொக்கியில் மாட்டினார் அண்ணாச்சி. பஸ் வந்தது, நின்றது, கண்டக்டர் விசில் அடித்தார். அவள் ஏறவில்லை. நாங்கள் கிளம்பியதும் கூப்பிடு தூரம் விட்டுப் பின்னால் தனியாக நடந்து வந்தாள்.

சீ. என்ன மனிதர்கள்.

29-1-99, வெள்ளி. தூத்துக்குடி தாண்டி, உப்பளத்து ஓரம்

காலையில் ஹெட்மாஸ்டர் தானாகவே உதறித் தொலைத்தது. நான் பக்கத்தில்கூடப் போகவில்லை. அண்ணாச்சி முகத்தில் ஒரு பவுசு. சுத்தமான கூட்டமாம்!

ஒரு திட்டம் போட்டேன். மறுபடி பஞ்சை வைத்தால் தீட்டு அவளிடம் இல்லை என்று ஆகும். பிறகு யோசித்தால், அடுத்து யாரையாவது பிடிப்பார்கள். மூலையில் முடங்கிக் கிடக்கிற கிழவரையோ, சமையல்காரியையோ. அண்ணாச்சியை மட்டும் பிடிக்க மாட்டார்கள். பஞ்சுக்கு அந்த அளவுக்குச் சக்தி இல்லை.

மத்தியானம் கூட்டம் முன்னால் போகட்டும் என்று பின்தங்கினேன். வள்ளித்தாய் அக்கா வந்து சேர்ந்தாள். டிராக்டர் சாப்பாட்டைத் தொடவில்லை. முந்தியில் பொரிகடலை வைத்திருந்தாள், எனக்கும் கொடுத்தாள். இரண்டு பக்கமும் உப்புக் குவியல், கண் கூசியது.

முந்தியை அவிழ்க்கும்போது அதிலிருந்து இன்னொன்றும் எடுத்தாள். அழுக்குப் பஞ்சு. எண்ணெய் ஊறி, ஆட்டு முடி ஒட்டி.

“கடைசியா வந்தவளுக்குக் கெடச்சது. மோந்து பாரு. வெளக்கெண்ணெ. கூட்டத்துல ராத்திரி ராத்திரி காலுக்கு வெளக்கெண்ணெ தேய்க்கது யாருலே?”

இரும்புக் கால் என்று சொல்ல வாயெடுத்தேன், விழுங்கிவிட்டேன்.

“சொல்லிர வேண்டியதுதான எக்கா? காட்டிக் குடுத்துர வேண்டியதுதான?”

“நான் காட்டுனா, கள்ளி, அவளே செஞ்சு கொண்டாந்திருக்கான்னுவாவ. எங்கிட்ட இருந்தா இது பஞ்சு. ஒங்கிட்ட இருந்தாத்தான் சாட்சி.” என் கையில் வைத்தாள். “நீ எம்புட்டு நக்கலு பண்ணுனாலும் நான் சிரிச்சேன்லே. இது சிரிக்க மாதிரி இல்ல.”

திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன்.

30-1-99, சனி. ஆறுமுகநேரி

ஆற்றுப் பாலம் தாண்டினோம். அவள் இன்னும் பின்னால்தான். சொல்லவில்லை. நாளைக்குத் தைப்பூசம்.

31-1-99, ஞாயிறு. திருச்செந்தூர்

சொல்லிவிட்டேன்.

வீரம் ஒன்றுமில்லை. காலையில் ஆறுமுகநேரியில் குடத்தோடு அண்ணாச்சி வந்தார், “கடைசி உத்தரவு, சுத்தமா நில்லுங்க” என்றார். சுத்தமா என்ற அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உள்ளே எதுவோ அறுந்தது, செருப்பு வார் மாதிரி. பஞ்சை எடுத்து நீட்டினேன்.

“அன்னைக்குக் கிடா நின்னது இதாலதான். நான்தான் காதுல அடைச்சேன். அக்கா மேல ஒண்ணும் இல்ல.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. “அதுக்கு முந்தி ரெண்டு நாளு உதறுனதும் நான்தான். ஈர்க்குச்சி.”

ஒருத்தர் மெதுவாக, “அப்போ இம்புட்டுத் தூரம் உத்தரவில்லாமலா நடந்திருக்கோம்?” என்றார். இன்னொருத்தர், “திரும்பக் கோவில்பட்டிக்குப் போயி மொதல்லருந்து நடக்கணுமோ?” என்றார். அண்ணாச்சியின் முகம் வெல்லப்பாகு மாதிரி இளகியது. டிராக்டரிலேயே திரும்பி, டிராக்டரிலேயே வர வேண்டுமே! கடைசியில் சமாளித்துக்கொண்டு, “எனக்கு அப்பவே தெரியும். முருகன் இவன் வாயால வரவச்சான் பாத்தியளா” என்றார். பன்னிரண்டு வருஷ அனுபவம்!

இசக்கிபாண்டி மாமா அடிக்க வருவார் என்று கண்ணை மூடினேன். வரவில்லை. “பட்டியில பாதி செத்துச்சுலே. மீதிக்கு நேர்ந்தது இது. இதுங் காதுலயா வெளையாடுவ?” என்று கேட்டார். அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

இப்போது நியாயமாக உத்தரவு வேண்டும். தண்ணீர் ஊற்றினார்கள். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றேன். ஹெட்மாஸ்டர் உதறவில்லை. இன்னொரு தரம். உதறவில்லை. நிஜமாகவே உதறவில்லை. அது என்னையே பார்த்தது.

தள்ளி நின்ற வள்ளித்தாய் அக்கா நேரே வந்தாள். அண்ணாச்சி கையிலிருந்து குடத்தை வாங்கினாள். மிச்சத் தண்ணீரை என் உச்சந்தலையில் ஊற்றினாள்.

தை மாசக் குளிர், கடல்காற்று வேறு. தலையிலிருந்து குதிகால்வரை நான் உதறினேன் பாருங்கள், பல் கடகடவென்று அடித்துக்கொண்டது.

“உத்தரவு குடுத்துட்டான்” என்றார் இசக்கிபாண்டி மாமா.

“ஆட்டுக்குல்லா குடுக்கணும்?” என்றார் அண்ணாச்சி.

“இவனையும் இவங்கம்மா நேர்ந்துதான அனுப்பிருக்கா? நேர்ந்தது உதறுச்சு. உத்தரவு உத்தரவுதான். நடங்க.”

எல்லோரும் அரோகரா என்றார்கள். அவர்களுக்கு எதற்குத்தான் அரோகரா இல்லை! டிராக்டர் கொக்கியிலிருந்து மாலையை எடுத்து வந்து அண்ணாச்சி அவளிடம் நீட்டினார். அவள் கை நீட்டவில்லை, கழுத்தைத்தான் நீட்டினாள். எல்லோர் முன்னாலும் அவரே போட வேண்டியதாயிற்று.

கிடாக் கயிறு என் கையில் வந்தது. “இனி நீ புடிச்சு நட” என்றார் மாமா. காயல்பட்டினம் தாண்டும்வரை அது என்னை இழுத்தது, அதற்குப் பிறகு நான் அதை இழுத்தேன். கோயிலில் வாங்கிக்கொண்டு போனார்கள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டி.சி. கிழித்துக் கொடுத்த ஹெட்மாஸ்டர் மாதிரி போயிற்று.

வள்ளித்தாய் அக்கா சந்நிதியில் நீண்ட நேரம் நின்றாள். நான் அவள் முதுகைத்தான் பார்த்தேன். முருகனைப் பார்த்தேனா என்று நினைவில்லை.

3-2-99, புதன். வீடு

அம்மா காலைப் பார்த்து அழுதாள். ஆகவே இனி மறைத்துப் பயனில்லை.

இரும்புக் கால் என்று எழுதியதெல்லாம் பொய். எட்டயபுரம் வருவதற்குள்ளேயே இரண்டு உள்ளங்காலும் பொத்துவிட்டன. எப்போதும்வென்றானில் தரையில் கால் வைக்கவே முடியவில்லை. ராத்திரி வேட்டியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அழுதேன். ஒரே ஒரு நாள் கூட்டம் நின்றால் போதும் என்றுதான் பஞ்சை அடைத்தேன். வேடிக்கைக்கு இல்லை. அண்ணாச்சிக்குப் பாடம் கற்பிக்கவும் இல்லை. டிராக்டரில் ஏறுகிறேன் என்று வாய்விட்டுக் கேட்க வெட்கம். அதற்குப் பதில் ஒருத்தி கழுத்து மாலையைக் கழற்ற வைத்தேன். டிராக்டரில் ஏறிய அண்ணாச்சியை நான் கேலி செய்தது இந்த நோட்டிலேயே இருக்கிறது. கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

நாளை மறுநாள் கடற்கரை அண்ணனுக்குக் கம்பி எடுக்கிறார்கள். வள்ளித்தாய் அக்கா நேற்றே பாளையங்கோட்டைக்குப் போய்விட்டாள். போகும்போது சைக்கிள் கடையில் என்னைப் பார்த்து, “என்னலே புலி” என்றாள்.

எனக்குப் பக்தி கிடையாது. கிடையவே கிடையாது. கம்பிக்கும் என் காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எந்த டாக்டரும் சொல்வார். வெள்ளிக்கிழமை வரை வெறுங்காலோடு திரிகிறேன் என்றால், அது செருப்பு அறுந்து கிடப்பதால்தான்.

அப்பா அதைப் போன வாரமே தைத்து வாசலில் வைத்திருக்கிறார்.